கடிகாரத்துக்கு முன்னால் நடந்தவர்

யாரோ பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டு மாடியில் காயவைத்திருக்கிறார்கள். வங்காளத்து சால்ட் லேக்கின் ஈரக்காற்று அந்த வாடையை என் ஜன்னலுக்குள் தள்ளுகிறது. வெந்த மாவின் வாடை. உடனே காலடிகள் கேட்கத் தொடங்கிவிடும். ஒரே மனிதரின் காலடிகள். கூடவே தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் முனகும்.

நகரத்தின் விளிம்பில் இருந்த மாத்திரைத் தொழிற்சாலை அது. மருந்துத்தூளைப் பிணைக்க அங்கே மாவுக்கஞ்சி காய்ச்சுவோம். எடைபோடும் அறையிலிருந்து கலவை இயந்திரம் வரைக்கும் தூள் டிரம்களைத் தள்ளிக்கொண்டு போக இரண்டு பேர். அதில் ஒருவர் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்த தமிழர், என்னைவிட மிகவும் மூத்தவர். நான் உற்பத்தி அதிகாரி. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் நிர்வாகம் 'லீன்' என்றொரு சொல்லைக் கொண்டுவந்தது. காத்திருப்பது வீண், குவித்துவைப்பது வீண், நடப்பதும் வீண். யார் எவ்வளவு நேரம் நடக்கிறார்கள் என்று கணக்கெடுக்க என் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்தார்கள்.

கடிகாரத்தைக் கண்டால் மெதுவாக நட என்று யூனியன் எல்லோருக்கும் காதோடு சொல்லிவைத்திருந்தது. எனக்கும் அது தெரியும்.

"அண்ணே, நீங்க எப்பவும்போல நடங்க. யாரையும் வேலையவிட்டு அனுப்பறதுக்கு இல்ல இது" என்றேன். தமிழில் சொன்னேன். தமிழில் சொன்னதால் நம்பினார்.

"நீ சொன்னா சரிதான் தம்பி. பொண்ணு காலேஜ் முடிக்க மூணு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் இந்த வண்டி ஓடினாப் போதும்."

எப்பவும்போலக்கூட நடக்கவில்லை அவர். நம்ம பையன் கணக்கெடுக்கிறான், அவன் பேர் கெட்டுவிடக் கூடாது என்று விரைந்து நடந்தார். இன்னொரு வண்டிக்காரன் வங்காள மொழியில் சீண்டினான்: "என்ன மதராஸி, மெயிலைப் பிடிக்கணுமா?"

"உன் நடைக்குக் காளி பூஜைக்குக் காளிகாட் போகணும்னா, மூணு வாரம் முன்னாடி துர்கா பூஜைக்கே கிளம்பணும்டா."

அவர் போன வழியையெல்லாம் தாளில் பென்சிலால் இழுத்துக்கொண்டே இருந்தேன். கோட்டின் மேல் கோடு, தாள் கறுத்துப்போனது. மழைக்கு முந்தைய வானம்போல் இருந்தது அது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அந்த வேகத்தில் போனால் ஒரு வண்டி போதும் என்று மேலே முடிவானது. வயது கூடியவரை அனுப்பலாம் என்றார்கள். அந்த அறையில் நான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.

கடைசி நாள் அவர் அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். சட்டையில் படிந்திருந்த மாவைத் தட்டிக்கொண்டு, டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இப்போது மெதுவாகத்தான் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, கேட் வரைக்கும் நானும் வரேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம் தம்பி. அது வீண் நடை."