சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் வைத்த பசை

டார்ஜிலிங் மலை ரயில் போன்ற நேரோ கேஜ் எனும் குறுகிய தண்டவாள ரயில்களின் சரக்கு வேகன்களை, பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி குட்டி மாதிரிகளாக ஒட்டிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மேஜையில், கண் ஆபரேஷன் செய்திருந்த கணவரின் சொட்டு மருந்துக்குப் பக்கத்திலேயே, அதே போன்ற சின்னக் குப்பியில் இருந்த பசையை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். அவருடைய அக்கா, மருந்தென்று நினைத்துப் பசையைக் கண்ணில் விட்டுவிட்டார். இமைகள் ஒட்டிக்கொண்டன. நான் திரும்பி வந்ததும் ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, பார்வைக்குப் பழுதில்லை.

"வெளாட்டு ரயில் ஒட்டுதவளுக்குப் புருசன் எதுக்கு?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்கா கத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "நீங்க எனக்காக ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"அக்காட்ட என்னத்தச் சொல்ல?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது பசையைப் பீரோவில் பூட்டி வைக்கிறேன். மருந்தை நானே விடுகிறேன். அவர் வீட்டில் இருக்கும்போது வேகன்களைத் தொடுவதில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.