புங்கமரத்தடிச் சல்லி

அந்த ஐப்பசியில் அனுமந்தன்பட்டித் தோட்டத்துக் கிணற்றின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அடுத்த மழைக்குள் கல்கட்டு எழும்பாவிட்டால் மீதிக் கிணறும் மண்ணோடு போகும். மேற்கே மேகம் கூடக் கூட அப்பா எல்லார் மேலும் எரிந்து விழுந்தார்.

பெரிய கற்களை அடுக்கிய கொத்தனார், இடுக்கில் திணிக்கச் சல்லிக்கல் வேண்டுமென்று ஓயாமல் கத்தினார். எனக்கு ஏழு வயது. காலில் சக்கரம் கட்டியவள் என்று பெயரெடுத்தவள். வாய்க்கால் ஓரமும் வரப்பும் காலியான பிறகு, தோட்டத்து மூலையில் புங்கமரத்தடியில் ஒரு குவியல் கண்ணில் பட்டது. உருண்டையும் சப்பையுமாக, யாரோ பொறுக்கி வைத்த மாதிரி அருமையான கற்கள். கூடை கூடையாகச் சுமந்தேன்.

"இதுதாண்டி கல்லு! ஆத்தா, கெட்டிக்காரி!" என்றார் கொத்தனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கஞ்சி கொண்டு வந்த அம்மா மரத்தடியைப் பார்த்தாள். கலயம் கீழே விழுந்தது.

"எங்கனடி இங்க இருந்த கல்லு?"

கிணற்றைக் காட்டினேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. நேரே இறங்கிப் போய், அப்போதுதான் திணித்த கற்களை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினாள்.

"தாயி, உருவாதீக! கட்டு சரிஞ்சு போகும்!" கொத்தனார் பதறினார்.

ஒற்றைக் கல்லுக்கும் கணக்குக் கேட்கும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எடுக்கட்டும், விடப்பா" என்றார்.

தூறல் விழ ஆரம்பித்தது. அம்மா கூடையோடு கிணற்றுக்கும் மரத்தடிக்குமாக ஓடினாள்.

"எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"நரி தோண்டிப்பிடும்டி."

வெறும் மண்ணை நரி எதற்குத் தோண்டும்? நான் பெயர் வாங்கியது பொறுக்காமல்தான் செய்கிறாள் என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம். கூடையில் கை வைக்காமல் வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கு முந்தின சித்திரையில் என்னை மயிலாடும்பாறை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அப்போது ஒரு தம்பி பிறந்து மூன்றாம் நாளே போனதும், அவனை அந்த மரத்தடியில் புதைத்து அம்மா தன் கையாலேயே கல் பொறுக்கி மூடியதும், நானே ஒரு பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறாமல் இருந்தவள் அன்று அத்தனை கல்லையும் மழையில் தனியாகவே சுமந்தாள். ஒரு கல்லாவது நான் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.