பங்கு வைத்த வரைபடங்கள்

கணபதிப் பகுதியில் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, அம்மா அதே பட்டறையின் வார்ப்படக் கூடத்தில் மணல் சுமந்துகொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க, ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் வருவாள். எங்கள் வீட்டின் இரண்டு சம்பளமும் அந்தப் பட்டறையை நம்பித்தான்.

பம்பு வரைபடங்கள் அந்தக் கம்ப்யூட்டரில் கண்டபடி இறைந்து கிடந்தன. அவற்றை நான் ஒழுங்குபடுத்தியது ஒரு சின்ன மென்பொருள் கருவியால். அதில் அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் கோப்புகளைத் தேடும், பெயர் மாற்றும், அடுக்கும், வேறிடத்துக்கு நகர்த்தும். ஆபீஸின் பழைய விண்டோஸிலும் என் லேப்டாப்பின் லினக்ஸிலும் அதே வரிதான். "அம்மணி மந்திரம் போடுது, ஆரும் பேசாதீங்கடா" என்று சின்ன ஓனர் கிண்டலடிப்பார். பம்பின் வெளிக்கூடான கேஸிங் எல்லாம் ஒரு ஃபோல்டர், அந்தக் கூட்டுக்குள் சுழலும் இம்பெல்லர் எல்லாம் இன்னொரு ஃபோல்டர் என்று பாகவாரியாகப் பிரித்து வைத்தேன். எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பெரிய ஓனரும் சின்ன ஓனரும் கூடப் பிறந்தவர்கள். போன வருடம் பிரிந்துவிடுவதென்று முடிவெடுத்தார்கள். வழக்கப்படி மூத்தவர் இரண்டு பங்காக வைக்க வேண்டும், இளையவர் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தையும் லேத்துகளையும் அப்படித்தான் பிரித்தார்கள். கடைசியாக வரைபடங்களுக்கு வந்தார்கள்.

"இதப் பிரிக்கவே வேண்டாமுங்க. ரெண்டு பேருக்கும் முழுசாக் காப்பி போட்டுத் தாரேன்" என்றேன்.

"அவங்கிட்டயும் இருக்கும், எங்கிட்டயும் இருக்கும்னா அதுக்குப் பேரு பங்கா அம்மணி?" என்றார் பெரியவர். திரையில் விரலை வைத்தார். "இந்த கேஸிங்கு ஃபோல்டரு ஒரு பங்கு. அந்த இம்பெல்லரு ஃபோல்டரு ஒரு பங்கு."

"ஏனுங்க, அப்படிப் போனா ஆராலயும் முழு பம்பு செய்ய முடியாதுங்களே?"

"அது எனக்குத் தெரியாதாக்கும்?"

சின்னவர் சிரித்தார். "அண்ணன் நல்லாத்தான் வெச்சிருக்கறாரு. எனக்கு இம்பெல்லரு. எடுத்துக் குடு கண்ணு."

நான் அடுக்கியிருந்த அடுக்கு, வெட்டுவதற்கு அவ்வளவு வாகாக இருந்தது.

எதையும் தொடாமல், என்னென்ன நடக்கப்போகிறது என்று மட்டும் முதலில் காட்டும் வசதி அந்தக் கருவியில் உண்டு. அதை ஓடவிட்டேன். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. நான் சத்தமாக, வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். இருவரில் ஒருவர் நிறுத்தச் சொல்ல மாட்டாரா என்றிருந்தது.

ஓரிடத்தில் சின்னவர், "அது அப்பன் போட்ட மாடலு" என்றார்.

"உம்" என்றார் பெரியவர். திரையைப் பார்க்கவில்லை.

பட்டியல் கடைசிவரை ஓடி முடிந்தது. அதே வரியை இந்த முறை நிஜமாகவே ஓடவிட்டேன். சின்னவர் கொண்டுவந்திருந்த டிஸ்குக்கு இம்பெல்லர்கள் போய்ச் சேர்ந்தன. இங்கே அந்த ஃபோல்டர் காலியானது. "உன்ற லேப்டாப்புல இருக்கறதையும் அழிச்சுப்போடு" என்றார் பெரியவர். இருவரும் பார்க்க அழித்தேன்.

கேஸிங்கை மட்டும் வார்த்து என்ன செய்வது? முதலில் வார்ப்படக் கூடத்தைத்தான் மூடினார்கள். அன்று அம்மா சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டே கேட்டாள்: "மறுக்கா ஒட்டவெக்கற மந்திரம் ஏதும் அதுல இல்லையா கண்ணு?"

"இருக்குதும்மா. அவங்க ரெண்டு பேரும் கேக்கோணுமே."

எனக்கு அந்த மாதக் கடைசி வரை வேலை இருந்தது. வரைபடம் கேட்டு யாரும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவும் வரவில்லை.