அளவுகோலில் வைத்த சந்தனப் பொட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. எழுத்துக் கோணும், ஆண்டு மாதமும் சரியாக நினைவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் அகதியாக ஜெர்மனிக்கு வந்து இரண்டாவது நவராத்திரி. ஒருவரும் வீடு தராதபோது தன் மேல்மாடியைத் தந்தவர் ஒரு வேட்டைக்காரக் கிழவர். வேட்டைக்கு வேண்டிய தோட்டாக்களை நிலவறையில் தானே செய்வார். பித்தளைக் கோதுக்குள் வெடிமருந்தைப் போட்டு, பாய்ந்துபோய்த் தைக்கும் சன்னத்தை மேலே வைத்து, கைப்பிடியை இழுத்து அமத்துவார். பிறகு வாய் திறந்து மூடும் இரும்பு அளவுகோலால் தோட்டாவின் நீளத்தை அளப்பார். கூடினால் இன்னும் கொஞ்சம் அமத்துவார். சன்னம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார். உடுப்புத் தோய்க்க அங்கே இறங்கும் நான் வாசலில் நின்று பார்ப்பேன்.

அப்பாவுக்கு அது பிடிக்காது. "சன்னத்துக்குத் தப்பி வந்து, சன்னம் செய்யிற வீட்டிலையோ இருக்கிறம்?" என்பார்.

"அந்த மனுசன் மானுக்குத்தான் சுடுது, உங்களுக்கில்லை" என்பாள் அம்மா.

சரஸ்வதி பூசையன்று அம்மா கத்தரிக்கோல், அகப்பை, தம்பியின் கொப்பி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். வீடு தந்தவரின் ஆயுதத்துக்கு மட்டும் இல்லையே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு நிலவறைக்கு இறங்கினேன். அளவுகோலுக்கு நெற்றி எது? வாய்தான் தெரிந்தது. அதன் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் அளவுகோலோடு படியேறி வந்தார். கை நடுங்கியது. இருபது தோட்டா செய்து முடித்து அளவுகோலைத் துடைக்கும்போதுதான், மூடிய வாய் பூச்சியத்துக்கு வரவில்லை என்று கண்டாராம். காய்ந்த சந்தனத்தின் தடிப்பும் நீளத்தோடு சேர்ந்துவிட்டது. அந்தக் கணக்கை நம்பி எல்லாச் சன்னத்தையும் கூடுதலாக அமத்திவிட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆரடி உன்னை அதிலை தொடச் சொன்னது? இனி எங்கை போய் வீடு கேக்கிறது?"

"அவருக்கும் நல்லா வரட்டும் எண்டுதான்..."

அம்மா கிழவரைப் பூசைத் தட்டுக்கு முன்னால் கூட்டிப்போய், பொட்டு வைத்த கத்தரிக்கோலைக் காட்டினாள். அதையே கனநேரம் பார்த்தார். பிறகு அளவுகோலில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, அதன் வாயை மூடி, பூச்சியத்தை எனக்குக் காட்டினார். அளவுகோல் வைக்கும் மரப்பெட்டியை நீட்டி, மூடியில் விரலால் தொட்டார். இங்கே வை என்று அர்த்தம். வைத்தேன்.

அன்றே இருபதையும் கழற்றினார். பொட்டளவு பிழைக்கு இவ்வளவு பாடா என்றுதான் நினைத்தேன். நாங்கள் அங்கே இருந்த காலம் முழுக்க, பூசைக்குப் பெட்டியை அவரே மேலே கொண்டுவந்து தருவார்.

இப்போது என் மருமகன் சொல்கிறான்: சன்னம் அளவுக்கு மேல் இறங்கினால் உள்ளே அமுக்கம் கூடுமாம், சுடும்போது துவக்கு முகத்தருகிலேயே வெடிக்கவும் கூடுமாம். அந்த நடுக்கத்தை நான் கோபம் என்று நினைத்திருந்தேன். அவர் எங்களுக்கு அதைச் சொல்லவேயில்லை.

சன்னத்தின் நுனியிலிருந்து அளந்தாரா, அது தடிக்கிற இடத்திலிருந்தா என்பது மறந்துபோயிற்று. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கோ. பொட்டு வைத்த இடத்தைப் பற்றி மட்டும் என் நினைவில் பிழையில்லை.