இரண்டு பெட்டிகளில் ஒரே சிப்பி

1. பந்தல்குடியில் ஒரு கடல்

வேலையில் சேர்ந்த அன்று பாளையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, பந்தல்குடி தாண்டி இறங்கினேன். கண்ணுக்கெட்டிய வரை கரிசல், நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு குடோன். உள்ளே குளிர் அறை. அதில் ரேக் ரேக்காகக் கடலின் அடிமண்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். கடலே இல்லாத ஊரில் கடல் மண்ணுக்கு என்ன வேலை என்பார்கள். தூத்துக்குடி ரோட்டில் லாரி சுலபமாக வரும், நிலம் மலிவு, அவ்வளவுதான் காரணம். கப்பலிலும் பார்ஜ் என்ற தட்டைப் படகிலும் போய்க் கடலடியில் துளையிட்டு எடுக்கும் நீளமான மண் உருளைக்குக் கோர் என்று பெயர். துளை போட்டவர்களே அதைப் பிளாஸ்டிக் குழாயோடு துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி சோதனைக்கு. மறுபாதியை யாரும் தொடாமல் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது எங்கள் வேலை. எந்தக் கோர், எந்த இடம், எவ்வளவு ஆழம், களிமண்ணா மணலா, போட்டோ எல்லாவற்றையும் டேட்டாபேஸில் ஏற்றுவது என் வேலை. நான் படித்தது ஜியாலஜி. ஓய்வு பெறும் வரை அந்தத் திரையின் முன்தான் இருந்தேன்.

தேடுவது பெரிய வித்தை இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து வரைபடத்தில் ஒரு கட்டம் போட வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் விழும் கோர்கள் வரிசையாக வரும். தண்ணீரின் ஆழம், மண்ணின் வகை என்று வடிகட்டிக்கொண்டே போகலாம். வந்த ரிசல்ட் சரியா என்று சந்தேகப்படத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

2. ஜெபராஜ் சார் கேட்ட தேடல்

ஜெபராஜ் சார் துறைமுகக் கட்டுமான இன்ஜினியர். ஒரு மீனவ ஊரில் அவர் கட்டிய படகுத்துறை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு ஊரில் புதிதாக ஒன்று கட்டப் போகிறார். துறையைத் தாங்கும் பைல் என்ற தூண்களைக் கடலடியில் இறக்கும் முன் மண்ணை ஒரு தடவை சரிபார்க்க நேரில் வந்திருந்தார்.

கட்டம் போட்டேன். புது இடத்தின் கோர் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய துறையின் கோரையும் எடுத்தேன். இரண்டும் கெட்டிக் களிமண்.

"ரெண்டும் ஒண்ணு போல இருக்கு மேடம். ரொம்ப நல்லது. பழைய டிசைனையே போட்டுரலாம்" என்றார். முகத்தில் நிம்மதி.

அறிக்கையில் சேர்ப்பதற்காக இரண்டு போட்டோக்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஏதோ உறுத்தியது. இடது பக்கப் படத்தில் ஒரு கறுப்புக் கோடு வலமாகச் சாய்ந்திருந்தது. வலது பக்கப் படத்தில் அதே கோடு, அதே ஆழத்தில் இடமாகச் சாய்ந்திருந்தது. அதன் கீழே ஒரு வெள்ளைச் சிப்பி. இரண்டிலும்.

முதலில் சாஃப்ட்வேர் மேல்தான் பழி போட்டேன். ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு ஏற்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் படம் திரும்பியிருந்தால் லேபிளில் உள்ள எழுத்தும் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு படங்களிலும் எழுத்து நேராக இருந்தது.

"சார், பெட்டியத் திறந்து பாத்துருவோம்" என்றேன்.

மேனேஜர் தனபால் அண்ணாச்சியும் கூட வந்தார். அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பம், எதையும் எடை போட்டுத்தான் நம்புவார். இரண்டு பெட்டிகளையும் மேஜையில் வைத்துத் திறந்தோம். ஒரு பாதியைக் கையில் எடுத்து, புத்தகத்தை மூடுவது போல மற்றதன் மேல் கவிழ்த்தேன். கறுப்புக் கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. ரம்பத்தில் அறுபட்ட சிப்பியின் இரு பாதிகளும் சேர்ந்து ஒரே சிப்பியாயின. பிளேடு தின்ற கனம்தான் குறைந்தது.

கோரை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றார் தனபால் அண்ணாச்சி.

"ஒரே கோர் அண்ணாச்சி. நீளமாப் பொளந்து, ஒரு பாதிய ஒரு ஊர்னும் மறுபாதிய இன்னொரு ஊர்னும் எழுதிக் குடுத்துருக்காக. சோதனைக்குப் போன பாதி தீந்துபோச்சுன்னு ரெண்டுக்கும் எழுதியிருக்கு. அதனால யாருக்கும் தெரியல."

ஜெபராஜ் சார் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அப்ப ஒரு எடத்துல துளையே போடல" என்றார். பிறகு, "என் துறையில தெனம் ஏலம் நடக்கு மேடம். பொம்பளையாளுக கூடையோட நிப்பாக. ஐஸ் லோடு லாரி நேரா மேல ஏறும்."

அங்கிருந்தே போன் போட்டார். "லாரிய ஏத்தாதீக. ஆளுகளையும் எறக்கிருங்க. ஒருத்தரும் நிக்கக் கூடாது. காரணத்த அப்புறம் சொல்றேன்."

3. முருகேசன்

அந்த இரண்டு கோர்களையும், பழைய துறை கட்டும் முன்பே ஒரே சமயத்தில் எடுத்துக் கொடுத்தவர் முருகேசன். டிரில்லிங் கான்ட்ராக்டரின் ஆள். வருஷக்கணக்காக எங்களுக்கு லோடு கொண்டுவருபவர். பெட்டி குலுங்கினால் டிரைவரைத் திட்டுவார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். யாராவது இப்படிச் செய்திருப்பார்கள் என்றால் கடைசியாகத்தான் அவர் பெயர் எனக்குத் தோன்றியிருக்கும்.

கூப்பிட்டனுப்பியதும் வந்தார். மேஜையில் ஒன்றாகச் சேர்ந்து கிடந்த சிப்பியைப் பார்த்தார். மறுக்கவில்லை.

"அந்தச் சமயம் கடலு சரியில்ல மேடம். பார்ஜு ஒரு நிலையில நிக்கல. வேலைய முடிச்சே ஆகணும்னு முதலாளி ஒத்தக் கால்ல நின்னாரு. பக்கத்துப் பக்கத்து ஊருதான, மண்ணு ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சோம்."

"சரி, எந்த ஊர்ல தோண்டுனீக? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

இரண்டு லேபிள்களையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். ஜெபராஜ் சார் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞாபகம் இல்ல மேடம்."

அவர் ஏமாற்றியது கூட என்னை இந்த அளவு அசைக்கவில்லை. எது நிஜம், எது பொய் என்பது பொய் சொன்னவருக்கே தெரியவில்லை. உலகத்தில் யாருக்குமே தெரியாது. முருகேசனைப் பிறகு போலீஸ் விசாரித்தது, கேஸ் நடந்தது. நான் சாட்சி சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் கொண்டுவந்த எல்லாக் கோர்களையும் டேட்டாபேஸில் தேடி, படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இன்னொரு ஜோடி கிடைத்தது. நல்லவேளை, அங்கே எதுவும் கட்டவில்லை. ஆனால் ஒரு ஆராய்ச்சி மாணவி அந்த இரண்டையும் நம்பித் தன் ஆய்வில் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தாள். அவளுக்கு நான்தான் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், இரண்டு பெட்டிகளின் எண்களையும் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

4. மறுபடியும் துளை

இரண்டு ஊரிலும் புதிதாகத் துளை போட்டார்கள், வேறு ஆட்களை வைத்து. எங்கள் கண் முன்னால்தான் பிளக்க வேண்டும் என்று தனபால் அண்ணாச்சி பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், குழாய்கள் பிளக்காமல் முழுசாகப் பந்தல்குடிக்கு வந்தன.

முதலில் புது இடத்தின் குழாய். கெட்டிக் களிமண். மண்ணை அறுக்கும் கம்பி இறங்கவே சிரமப்பட்டது. பழைய படத்தில் இருந்த அதே அடுக்குகள்; அப்படியானால் நிஜத் துளை அங்கேதான் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது பழைய துறையின் குழாய். மேலே இருந்த துண்டுகள் கெட்டியாக இருந்தன. ஜெபராஜ் சார் மூச்சு விட்டார். அதற்கும் கீழே, பைலின் முனை நிற்கும் ஆழத்துக்குரிய துண்டை எடுத்தோம். மூடியைக் கழற்றியதும் மண் கூழாக மேஜையில் வழிந்து, விளிம்பைத் தாண்டித் தரையில் சொட்டியது. அறுப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

ஜெபராஜ் சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே போய், வெயிலில் ரோட்டோரமாக வெகுநேரம் நின்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "தெனம் அது மேல எத்தன பேரு நின்னாக மேடம்" என்று மட்டும் கேட்டார்.

துறையைப் பல மாதம் மூடி, நீளமான பைல்களை இறக்கிப் பலப்படுத்திய பிறகுதான் திறந்தார்கள். மூடியிருந்த மழைக்காலத்தில் அதன் ஒரு மூலை ஒரு சாண் இறங்கிவிட்டது. மேலே ஆள் இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். டேட்டாபேஸ் கடலைக் காட்டாது. யாரோ ஒருவர் கடலைப் பற்றிச் சொன்னதைத்தான் காட்டும். ரிசல்ட் வராவிட்டால் எல்லோரும் பதறுவார்கள், திரும்பத் தேடுவார்கள். கேட்டது கேட்டபடி வரும்போதுதான் யாரும் எழுந்திருப்பதில்லை. இரண்டு ரிசல்ட் அச்சு அசலாக ஒத்துப்போனால், அப்போது நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பெட்டியைத் திறங்கள்.