ஜீவனஹள்ளி டப்பிங்

என் தோழி கம்பெனி கேன்டீனில் தயிர் சாதத்தை இரண்டு குச்சிகளால் சாப்பிடுவாள். சாதம் பாதி வழியில் தட்டிலேயே விழுந்துவிடும். பக்கத்து மேசையில் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ளாமல் அடுத்த வாய்க்கு முயல்வாள். சாப்பிட்டு முடித்ததும் கைகூப்பி ஏதோ முணுமுணுப்பாள்.

"யாருக்குடி தேங்க்ஸ் சொல்றே, கேன்டீன் கான்ட்ராக்டருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தோம். அவள் துமகூருக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பெண். ஆபீசுக்குப் பக்கத்திலேயே பெண்கள் தங்கும் ஒரு பிஜி விடுதியில் தங்கியிருந்தாள். எனக்கு வீடு ஜீவனஹள்ளி. பிறந்ததிலிருந்து அதே தெரு. அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். அம்மா வீட்டிலிருந்தபடி சேலைகளுக்குக் குச்சு கட்டினாள். முந்தானை ஓரத்தில் பட்டு நூலில் குஞ்சம் தொங்கவிடும் வேலை அது. பெங்களூரில் குச்சு இல்லாத பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு யாரும் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள் என்பதால் அம்மாவின் கைகளுக்கு ஓய்வே இருந்ததில்லை.

தோழியும் நானும் பேசினால் கன்னடத்தில் தொடங்கி, இங்கிலீஷில் தடுக்கி, தமிழில் போய் முடியும். என்னை அவள் 'கணே' என்பாள். நம் 'டி' மாதிரி. அவளுடைய தமிழ் முழுக்க டிவி பார்த்துக் கற்றது.

கல்லூரி விடுதியில் யாரோ காட்டிய ஒரு ஜப்பானியக் கார்ட்டூனில் அவளுக்குப் பித்துப் பிடித்திருந்தது. மானிட்டர் மேல் காகிதக் கொக்குகள் வரிசையாக நிற்கும். உள்ளங்கையில் தன் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதிக்கொள்வாள். டீம் லீடர் கூப்பிட்டால் "ஹாய்" என்பாள். ஜப்பானியத்தில் அதற்கு 'சரி' என்று அர்த்தம். அந்த மனிதருக்கு அது தெரியாது. அவரும் பதிலுக்கு "ஹாய்" என்று கையாட்டிவிட்டு, எதற்குக் கூப்பிட்டோம் என்பதை மறந்துவிடுவார்.

ஜப்பானிலிருந்து வேலைகள் வரப்போகின்றன என்று கம்பெனியில் சனிக்கிழமைதோறும் ஜப்பானிய வகுப்பு தொடங்கினார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்த தோழி, என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் இரண்டு கட்சிகள் இருந்தன. சம்பள உயர்வுக்காக வந்தவர்கள் ஒரு பக்கம், கார்ட்டூனுக்காக வந்தவர்கள் ஒரு பக்கம். இரண்டாவது கட்சிக்குள்ளேயே இன்னொரு சண்டை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓட அசல் குரலில் பார்ப்பதா, டப்பிங்கில் பார்ப்பதா? டீ இடைவேளை முழுக்க இதுதான் பேச்சு. தோழி அசல் குரல் கட்சியின் தலைவி.

"டப்பிங்ல பாத்தேன்னு சொல்றவங்க பாக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்பாள். "அழறது ஒருத்தி, சத்தம் இன்னொருத்தியோடதா?"

எங்கள் ஆசிரியை ஒரு இன்ஜினியரின் மனைவி. எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கணவரோடு பெங்களூருக்கு வந்தவர். ஒருநாள் சண்டை முற்றியதும் அவரையே தீர்ப்புச் சொல்லச் சொன்னோம். அவர் வாயை மூடிச் சிரித்தார். சின்ன வயதில் குதிரைமேல் துப்பாக்கியோடு வரும் அமெரிக்கப் படங்களை டிவியில் பார்ப்பாராம். எல்லோரும் ஜப்பானியம் பேசுவார்கள். "அமெரிக்கர்கள் எவ்வளவு அழகாக நம் மொழி பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். வகுப்பே சிரித்தது. தோழி மட்டும் சிரிக்கவில்லை. சொந்த நாட்டுக்காரியே கட்சி மாறிவிட்டாள் என்ற வருத்தம் அவளுக்கு.

பிஜியில் டிவி பார்க்க அனுமதி கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விசிடிகளைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். முன்னறையில் டிவி. டிவிக்கு எதிரே நாங்கள். ஜன்னலோரம், வெளிச்சம் விழும் இடத்தில், மடியில் சேலையோடு அம்மா. நாங்கள் பார்த்தது ஒரு சின்னத் தீவைப் பற்றிய தொடர். படகுத்துறையில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு தாய், அவளுடைய மகள், படகில் வந்து போகிறவர்கள். சண்டை, மந்திரம் ஒன்றும் கிடையாது. டீ கொதிப்பதைக்கூட மெதுவாகக் காட்டுவார்கள்.

அம்மாவுக்கு டிவி என்பது காதால் கேட்பது. கண் நூலில் இருக்கும். அதிலும் இங்கிலீஷ் அவளுக்குப் படிக்க வராது.

"இன்னாடி சொல்றா அந்தப் பொண்ணு?" என்பாள்.

"படகு இன்னிக்கு வராதாம்மா. கடல்ல காத்து."

"ஐயோ, அப்போ சரக்கு எப்படி வரும் கடைக்கு?"

கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்து நான் தணிந்த குரலில் தமிழில் சொல்வேன். போகப்போக 'அவள் சொல்கிறாள்' என்பதை விட்டுவிட்டு அவளாகவே பேசத் தொடங்கினேன். அம்மா தலையை நிமிர்த்தாமலே 'ம்' கொட்டுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பில் கற்ற சொல் ஏதாவது காதில் விழுந்தால், இங்கிலீஷைப் பார்க்காமல் நேராகத் தமிழுக்குப் போய்விட முடிந்தது. தமிழ் மாதிரியே வினை கடைசியில் வரும். அண்ணனை அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். பெரியவர்களிடம் ஒரு பேச்சு, சின்னவர்களிடம் ஒரு பேச்சு. இங்கிலீஷ் நடுவில் எதற்கு என்று தோன்றும்.

ஒரு ஞாயிறு தோழி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"நீ பேசறப்போ எனக்கு அவ குரல் கேக்கல, கணே. வாரம் பூரா இதுக்காகத்தான் காத்திருக்கேன்."

நான் பதில் சொல்வதற்குள் அம்மா நூல்கண்டுகளைச் சேலைக்குள் சுருட்டினாள். "நீங்க பாருங்கம்மா. எனக்கு வெளியிலதான் வெளிச்சம் நல்லா கீது" என்று வாசற்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்கள் இருவருக்கும் கஷ்டமாக இருந்தது. மீதிப் படத்தைப் பார்த்து முடித்தோம். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆபீசில் வேலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அன்று குச்சிகளை எடுக்கவில்லை. கையாலேயே பிசைந்தாள்.

"எங்கம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன். இங்கதான் பண்றாங்க. பிஜியில வெளியாளை விட மாட்டாங்க..." என்று இழுத்தாள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா கேப்பாங்க? இட்டுனு வரச் சொல்லு" என்றாள்.

அவளுடைய அம்மா ஒரு கண்ணில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மற்றக் கண்ணையும் சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயலில் நாள் முழுக்க நின்று பழகியவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது தண்டனையாக இருந்தது. அம்மாவுக்கு நூல் பிரித்துத் தருகிறேன் என்று கை நீட்டுவார். அம்மா பிடுங்கிக்கொள்வாள். இவள் அரைக் கன்னடம், அவர் முழுக் கன்னடம். ஆனாலும் பேச்சு நிற்கவே இல்லை.

ஞாயிறு பிற்பகல் தோழி தயங்கித் தயங்கி விசிடியைப் போட்டாள். தீவுப் பெண் பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் பகுதி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள்.

"ஏன் ஹேள்தாளே?" என்று கேட்டார் கண் கட்டியிருந்தவர். அவள் என்ன சொல்கிறாள் என்று.

தோழி என்னைப் பார்த்தாள். பிறகு கீழே ஓடிய இங்கிலீஷைப் படித்து, 'நான் போகிறேன்' என்பதைக் கன்னடத்தில் சொன்னாள்.

அவளுடைய அம்மாவுக்கு அது ஆகவில்லை. "பெத்தவ கிட்ட யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? இன்னா பொண்ணு அது?" என்று கன்னடத்தில் கடிந்தார். என் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "அதானே. வாயில நல்ல வார்த்தை வராதா அதுக்கு?"

தோழி படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். "இத்தே கிமாஸ்." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வகுப்பில் முதல் மாதமே மனப்பாடம் செய்த சொல். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்வது என்று நோட்டில் எழுதியிருந்தோம். அதைப் பிரித்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவே இல்லை. 'இத்தே' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன்.

"ஹோகி பர்த்தீனி!" என்று தன் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள் தோழி. "அவ்வா, அவ போயிட்டு வரேன்னுதான் சொல்றா! இங்கிலீஷ்காரன் தப்பா எழுதிட்டான்!"

"அப்படிச் சொல்லு" என்று அவளுடைய அம்மா சமாதானமாகிச் சுவரில் சாய்ந்தார்.

அதற்குப் பிறகு தோழி இங்கிலீஷைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தாய் பேசினால் தாயாகப் பேசினாள். படகுக்காரன் பேசினால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினாள். ஒவ்வொரு வரியையும் அவள் கன்னடத்தில் சொல்லி முடித்ததும் நான் தமிழில் சொல்வேன். ஜப்பானியக் குரல் எங்கோ அடியில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவளாகவே பேசினாள்.

"சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை காலையில ஹிந்தியில கார்ட்டூன் வரும். அப்புறம் கேபிள் வந்துச்சு, தமிழ்ல வந்துச்சு. கன்னடத்துல ஒண்ணும் வராது. எங்கம்மா சமையல்கட்டை விட்டு வெளிய வரவே மாட்டா. வந்து மட்டும் என்ன பண்ணுவா, புரியாதே. எப்படியும் அது யாரோ ஒருத்தரோட பாஷைதானே கணே. அப்போ ஜப்பானியமே இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு."

டப்பிங் படங்கள் வந்தால் உள்ளூர் ஆட்களுக்கு வேலை போய்விடும் என்று கன்னட சினிமாக்காரர்கள் அதைத் தடுத்து வைத்திருந்த காலம் அது. அவர்களுடைய பயத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் டிவி முன்னால் உட்காராத ஒரு தாயைப் பற்றி அந்த விவாதத்தில் யாராவது யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை. நானும் அதுவரை யோசித்ததில்லை. தமிழில் எல்லாமே கிடைத்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

கண் கட்டை அவிழ்த்து ஊருக்குப் போன தோழியின் அம்மா, அந்தப் பெண் பட்டணத்தில் என்ன ஆனாள் என்று ஒவ்வொரு போனிலும் கேட்டார். தோழி ஒரு விசிடி பிளேயர் வாங்கி ஊருக்கு அனுப்பினாள். ஆனால் கன்னடத்தில் யார் சொல்வது?

அப்போதுதான் அப்பாவின் டேப் ரெக்கார்டரை இறக்கினோம். டிவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடி கேசட்டில் கன்னடத்தில் பேசுவது. ஊரில் விசிடியையும் கேசட்டையும் ஒன்றாக ஓட விட வேண்டியது. அவ்வளவுதான் திட்டம். தோழி மகள், நான் தாய். படகு டிக்கெட் கொடுக்கும் அம்மாளுக்கு என் அம்மா. அவள் கன்னடத்தில் பாதி தமிழ். "பரவால்ல, டிக்கெட் கொடுக்கறவ வெளியூர்க்காரின்னு வெச்சிக்கலாம்" என்றாள் தோழி. அப்பா படகுக்காரர். அவருக்கு 'இன்னிக்குக் கடல் அமைதியா இருக்கு' என்று ஒரே வரி. அதைப் பீன்யா பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபடி போனதாகவும் பக்கத்து சீட்காரர் எழுந்து வேறிடம் போய்விட்டதாகவும் சொன்னார். ரெக்கார்டிங் நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அதை அழிக்க வழியில்லை. தீவிலும் யாரோ பருப்பு வேகவைக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முதல் கேசட் போய்ச் சேர்ந்ததும் அவள் தங்கை போன் செய்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை அவளுக்கு. "அக்கா, கேசட் முன்னாடி ஓடுது. அந்தப் பொண்ணு நல்லா சிரிச்சிட்டிருக்கறப்பவே நீ அழுதுட்டே! அக்கம்பக்கமெல்லாம் வந்து உக்காந்திருந்தாங்க."

"அவ்வா என்ன சொன்னா?"

"திருப்பிப் போடச் சொன்னா."

அடுத்த கேசட்டின் தொடக்கத்தில் ஒரு கைதட்டலைப் பதிவு செய்தோம். ஒவ்வொரு பகுதியின் முதல் காட்சியிலும் படகு மணி அடிக்கும்போது அந்தத் தட்டல் வர வேண்டும் என்று தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அவள் அதில் தேர்ந்துவிட்டாள். தொடர் முடியும்வரை கேசட்டுகள் போய்க்கொண்டிருந்தன.

வகுப்பில் எனக்கு எழுத்துகள் கூடக்கூட மூச்சு முட்டியது. பாதியில் நின்றுகொண்டேன். கற்றது வீணாகவில்லை. ஜப்பானிலிருந்து வரும் கையேடுகளைச் சரிபார்க்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள், இப்போதும் அந்த வேலைதான். தோழி தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். ஒரு தொழிற்சாலையில் ஜப்பானிய இன்ஜினியர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். முதல் நாள் வேலை முடிந்ததும் தொண்டை கட்டிய குரலில் போன் செய்தாள். "காலையிலேருந்து டப்பிங்தான் கணே, விடாம டப்பிங்!" சில வருடங்களில் அந்தக் கம்பெனியே அவளை ஜப்பானுக்கு அனுப்பியது. அங்கே ரயிலில் எல்லோரும் அவ்வளவு அமைதியாக இருப்பதால், பேச ஆளில்லாமல் தன் பழைய வசனங்களை மனசுக்குள் சொல்லிக்கொள்வதாக ஒருமுறை எழுதினாள்.

அந்தப் பத்தாண்டு முடியும் சமயத்தில் கன்னடத்திலும் குழந்தைகளுக்கென்று ஒரு சேனல் வந்தது. கார்ட்டூன்கள் கன்னடம் பேசின. அவளுக்குச் சொன்னேன்.

"நிஜமாவா? குரல் எப்படி இருக்கு?"

செல்போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஏதோ ஒரு பூனை ஒரு எலியைத் திட்டிக்கொண்டிருந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று காதில் வைத்தேன்.

"பூனை கொஞ்சம் அவசரமா பேசுது" என்றாள். "நாம இன்னும் நிதானமா பண்ணோம்."

"போனை வெக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். டிவி கிட்டயே பிடி. முடியற வரைக்கும் கேக்கறேன்."