பிரபஞ்சம் ஓட்டும் சித்தப்பா

எங்கள் சித்தப்பாவுக்கு உத்தியோகம் பிரபஞ்சத்தை ஓட்டுவது. நக்கல் இல்லை, நிஜம். கோளரங்கத்தின் குவிந்த கூரைக்குக் கீழே, பஞ்சு பிதுங்கிய நாற்காலியில் உட்கார்ந்து அவர் குமிழைத் திருகினால்தான் நட்சத்திரங்கள் கிளம்பும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பிரபஞ்சத்துக்கும் லீவு.

காட்சி முழுக்க மைக்கில் பேசுவதும் அவர்தான். இருட்டில் அந்தக் குரலைக் கேட்டால் ஆறடி ஆள் என்று தோன்றும். விளக்கைப் போட்டால் பேச்சு நின்றுவிடும். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தால்கூட வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு வருகிற ஆள். "மூஞ்சியில டார்ச் அடிச்சா உங்க தம்பி பேரையே மறந்துடுவாரு" என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள்.

சித்தி நர்ஸ். மாற்றலாகிப் போன ஆஸ்பத்திரி, ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வரும் ஊரில் இருக்கிறது. புதிதில் வாராவாரம் வந்தாள். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு லீவு கிடைக்கும்போது. பிறகு போன் மட்டும். இருவருக்கும் சண்டை கிடையாது, அதுதான் சிக்கலே. சண்டை என்றால் யாராவது நடுவில் புகுந்து தீர்த்து வைக்கலாம். சும்மா தூரம் கூடிக்கொண்டே போனால் யார் சட்டையைப் பிடிப்பது? சித்தியின் பழைய செருப்பு கதவோரம் கிடக்கும். கூட்டும்போது சித்தப்பா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டிவிட்டு, அதே இடத்தில், அதே வாக்கில் வைப்பார். நாங்கள் ஏதாவது கேட்டால், "அவதான் போனா, அவதான் வரணும்" என்பார்.

அந்த வாரம் சித்தி போன் செய்தாள். "இங்க குவார்ட்டர்ஸ் தர்றாங்க. குடும்பமா இருந்தா வீடு, தனி ஆளுன்னா ஒத்தை ரூம். சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். என்னன்னு சொல்லட்டும்?"

"பார்ப்போம்" என்றார் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சித்திக்கும் தெரியும்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு ஒரு பள்ளிக்கூடமே வந்து இறங்கியது. டிக்கெட் இல்லாமல் கடைசி வரிசையில் படுத்துக் கிடந்ததால் மீதியெல்லாம் எனக்குத் தெரியும்.

விண்மீன் கூட்டங்கள் எல்லாத் திசையிலும் விலகிப் போகிற கட்டம். முன்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் கத்தினாள்: "அங்கிள், ஏன் எல்லாம் நம்மள விட்டு ஓடுது? நம்ம மேல நாத்தமா?"

அரங்கமே சிரித்தது.

"ஓடலம்மா. அதது அதது இடத்துலதான் இருக்கு. நடுவுல இருக்கிற இடம்தான் பெருசாகிட்டே போகுது."

"அப்போ நாமதான் சென்டரா?"

வழக்கமாக "இல்லை" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "அங்க போய் நின்னு பார்ப்போம், வா" என்று குமிழைத் திருகினார். வானம் வழுக்கிக்கொண்டு போனது. தூரத்து விண்மீன் கூட்டம் ஒன்றுக்குள் நுழைந்து நின்றோம். அங்கிருந்து பார்த்தால் அதுதான் அசையாமல் இருந்தது, மற்றதெல்லாம் விலகியது. ஓரத்தில் மங்கலாக ஒரு பொட்டு போய்க்கொண்டிருந்தது.

"அது என்னது அங்கிள்?"

"அது நாமதான்."

"நாம ஏன் அவங்கள விட்டுட்டுப் போறோம்?"

மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சார், கரண்ட் போயிடுச்சா?" என்றார் வாத்தியார்.

அந்தப் பெண் விடுவதாக இல்லை. "அப்போ நானும் பக்கத்துல இருக்கிற இவளும்கூட விலகிடுவோமா?"

"மாட்டீங்க" என்றார் சித்தப்பா. "கிட்ட இருக்கிறது ஒண்ணை ஒண்ணு இழுத்துப் புடிச்சுக்கும். அங்க எதுவும் விரியாது. ரொம்பத் தூரமாயிட்டாதான் அந்தப் பிடி எடுபடாது. அப்புறம் ஒரு கட்டத்துல, இங்கேர்ந்து கிளம்புற வெளிச்சம்கூட அங்க போய்ச் சேராது."

பிள்ளைகள் போன பிறகும் அவர் விளக்கைப் போடவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் வைத்தார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். சித்தியின் குரல் வானம் முழுக்கக் கேட்டது.

"என்ன இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"குவார்ட்டர்ஸ் விஷயம்... சொல்லிட்டியா?"

"காலையிலயே சொல்லியாச்சு. ஒத்தை ரூம்."

மேலே பொட்டுகள் விலகிக்கொண்டேயிருந்தன.

"நீதான் போயிட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"நானும்தான் நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன். நான் இங்க வந்ததுலேர்ந்து ஒரு தடவையாவது இந்த ஊர் ஸ்டேஷன்ல இறங்கியிருக்கீங்களா?"

"இல்ல" என்றார். "இன்னைக்கு ராத்திரி வண்டிக்கு வர்றேன்."

"ஒத்தை ரூமுங்க. கட்டில் ஒரு ஆளுக்குத்தான்."

"கீழ படுத்துக்கறேன்."

"அங்க வேலை?"

ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு தள்ளுவண்டி உருண்டு போகிற சத்தம் எங்கள் வானத்தைக் குறுக்கே கடந்தது.

"ஸ்டேஷனுக்கெல்லாம் என்னால வர முடியாது, டியூட்டி. கேட்ல வாட்ச்மேன்கிட்ட என் பேரைச் சொல்லுங்க."

"நான் யாருன்னு கேட்பாரே."

"கேட்டா சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

சித்தப்பா போனைச் சட்டைப் பையில் போட்டார். தொண்டையைச் செருமினார். பிறகு, காலி அரங்கம் என்ற நினைப்பில், மைக்கில் சொல்லிப் பார்த்தார்.

"நான் அவங்க வீட்டுக்காரர்."

கடைசி வரிசையில் நான் இருமலை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அவருக்கு அது திருப்தியாகப் படவில்லை போலிருக்கிறது. எழுந்து போய் எல்லா விளக்குகளையும் போட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கதவைப் பார்த்து நின்று, மைக் இல்லாமல் மறுபடியும் சொன்னார்.